லைக்கா எம்3

லைக்கா எம்3 என்பது மேற்கு ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் இயங்கிய எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனம் 1954 முதல் 1966 வரை உற்பத்தி செய்த 35 மி.மீ. படச்சுருள் ஒளிப்படக்கருவி ஆகும். இது தொலைமானி வகையைச் சேர்ந்தது. மின்கலம், மின்சுற்று, ஒளிமானி ஆகிய எதுவும் இதில் இல்லை. பல்சக்கரங்களாலும் சுருள்வில்களாலும் மட்டுமே இயங்குகிறது. மொத்தம் 2,20,000-க்கும் மேற்பட்ட கருவிகள் செய்யப்பட்டன. அவற்றுள் பல இன்றும் கைமாறிப் பயன்பாட்டில் உள்ளன. இவற்றை வாங்குவோர் பெரும்பாலும் வெளித்தோற்றத்தையும் தொடரெண்ணையும் பார்த்தே விலை பேசுகின்றனர். ஆனால் எம்3-இன் சிறப்பு முழுவதும் அதன் காட்சிநோக்கியில்தான் உள்ளது. அது கெட்டால் சரிசெய்வது மிகக் கடினம். மற்றப் பழுதுகள் பெரும்பாலும் தீர்க்கக்கூடியவை.

தொலைமானி இயங்கும் முறை

கட்டைவிரலை முகத்துக்கு முன் நீட்டி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் விரல் இடம் மாறுவது போலத் தோன்றும். விரல் அருகில் இருந்தால் மாற்றம் மிகுதி, தொலைவில் இருந்தால் குறைவு. இதுவே இடமாறு தோற்றம். தொலைமானிக் கருவி இந்த மாற்றத்தை அளந்து தொலைவைக் காண்கிறது. கருவியின் முன்புறத்தில் ஒன்றுக்கொன்று சற்று விலகிய இரு சாளரங்கள் உள்ளன. பெரிய சாளரத்தின் வழியே காட்சி நேரடியாகக் கண்ணுக்கு வருகிறது. சிறிய சாளரத்தின் வழியே வரும் காட்சி, பகுதி ஒளியை எதிரொளிக்கும் முப்பட்டகம் ஒன்றினால் திருப்பப்பட்டு, முதல் காட்சியின் நடுவே சிறு செவ்வகமாக விழுகிறது. பொருள் குவியத்தில் இல்லாதபோது அச்செவ்வகத்துக்குள் அது இரட்டையாகத் தெரியும். வில்லையின் வளையத்தைத் திருப்பும்போது, வில்லையின் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் சிறு உருளை நகர்ந்து இரண்டாம் பிம்பத்தை நகர்த்துகிறது. இரு பிம்பங்களும் ஒன்றாகும் கணத்தில் வில்லையும் சரியான தொலைவில் நிற்கும்.

இந்த அளவீட்டின் துல்லியம் இரண்டு எண்களைப் பொறுத்தது. ஒன்று இரு சாளரங்களுக்கு இடையேயான தூரம், மற்றொன்று காட்சிநோக்கியின் உருப்பெருக்கம். எம்3-இல் சாளர இடைவெளி சுமார் 68.5 மி.மீ., உருப்பெருக்கம் 0.91. இரண்டையும் பெருக்கினால் கிடைக்கும் சுமார் 62 மி.மீ. என்பதே பயனுறு அடித்தளம். 0.72 உருப்பெருக்கம் கொண்ட எம்2-இல் இது சுமார் 49 மி.மீ. மட்டுமே. 50 மி.மீ. வில்லையுடன் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. 90 மி.மீ., 135 மி.மீ. வில்லைகளைத் திறந்த துளையில் பயன்படுத்தும்போது நன்கு தெரியும்.

வரலாறு

லைட்ஸ் நிறுவனம் அடிப்படையில் நுண்ணோக்கிகள் செய்த நிறுவனம். அங்குப் பணியாற்றிய ஓஸ்கார் பார்னாக், திரைப்படத்துக்கான 35 மி.மீ. சுருளைப் படுக்கைவாட்டில் ஓடவிட்டு 24 × 36 மி.மீ. அளவில் படமெடுக்கும் சிறு கருவியை முதல் உலகப்போருக்குச் சற்று முன் உருவாக்கினார். அதன் வழிவந்த லைக்கா 1925-இல் லைப்சிக் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. 1932-இல் வெளிவந்த லைக்கா II, வில்லையுடன் இணைந்து இயங்கும் தொலைமானியைப் பெற்றது. ஆனால் அதில் தொலைவு பார்க்க ஒரு துளை, காட்சி பார்க்க வேறொரு துளை என இரண்டு இருந்தன. போட்டியாளரான சைஸ் ஐகான் 1936-இல் தன் கான்டாக்ஸ் II கருவியில் இரண்டையும் ஒரே சாளரத்தில் இணைத்துவிட்டது. லைட்ஸ் இதைச் செய்ய மேலும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. இடையில் இரண்டாம் உலகப்போர் வந்ததும் ஒரு காரணம்.

வில்லி ஸ்டைன் தலைமையிலான குழு வடிவமைத்த எம்3, 1954-இல் கொலோன் நகரின் ஃபோட்டோகினா கண்காட்சியில் வெளியிடப்பட்டது. பெயரிலுள்ள எம் எழுத்து, தொலைமானியுடன் கூடிய காட்சிநோக்கியைக் குறிக்கும் மெஸ்சூகர் என்னும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. 3 என்பது அதில் தெரியும் மூன்று சட்டங்களைக் குறிப்பதாகச் சொல்வர். அதே 1954-ஆம் ஆண்டில்தான் கோடாக் நிறுவனத்தின் டிரை-எக்ஸ் சுருள் 35 மி.மீ. அளவில் விற்பனைக்கு வந்தது. குறைந்த ஒளியில், பிளாஷ் இல்லாமல், கையில் பிடித்தபடி படமெடுக்கும் செய்திப்பட முறை பரவியதற்கு இவ்விரண்டும் சேர்ந்தே உதவின.

எம்3-ஐத் தொலைமானி வகையில் மிஞ்ச இயலாது என்று கண்டே ஜப்பானிய நிறுவனங்கள் எஸ்.எல்.ஆர். வகைக்குத் திரும்பின என்று பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. இது பாதி உண்மையே எனலாம். நிக்கோன் தன் மிகச்சிறந்த தொலைமானிக் கருவியான எஸ்பி-யை 1957-இல்தான் வெளியிட்டது. 1959-இல் வந்த நிக்கோன் எஃப் என்னும் எஸ்.எல்.ஆர். கருவியும் அதே எஸ் வரிசையின் உடலமைப்பிலிருந்து பிறந்ததே.

பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே-பிரெசோன் லைக்காவுடன் பெரிதும் இணைத்துப் பேசப்படுபவர். ஆயினும் அவர் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியையும் புதுச்சேரியில் அரவிந்தரையும் படமெடுத்தபோது எம்3 இன்னும் பிறக்கவில்லை. அப்படங்கள் திருகுமரை கொண்ட பழைய வகை லைக்காவின் காலத்தவை. எம்3-ஐ அவர் பிற்காலத்தில் பயன்படுத்தினார்.

அமைப்பு

எம்3-இன் முன்புறத்தில் மூன்று சாளரங்கள் உள்ளன. இடது, வலது சாளரங்களைப் பற்றி மேலே கண்டோம். நடுவிலுள்ள மங்கிய கண்ணாடிச் சாளரம், படத்தின் எல்லையைக் காட்டும் வெண்ணிறச் சட்டங்களுக்கு ஒளி தருகிறது. கருவியைப் பிடிக்கும்போது விரல் இதை மறைத்தால் சட்டங்கள் மங்கிவிடும். புதிதாக வாங்குவோர் இதைப் பழுது என்று எண்ணிவிடுவதுண்டு. 50 மி.மீ. வில்லைக்கான சட்டம் எப்போதும் தெரியும். 90 அல்லது 135 மி.மீ. வில்லையைப் பொருத்தினால் அதற்குரிய சட்டமும் தானாகத் தோன்றும். குவியத்தை அருகில் கொண்டுவரும்போது சட்டம் முழுவதும் மூலைவாட்டில் நகர்ந்து இடமாறு தோற்றப்பிழையைச் சரிசெய்கிறது. 1955 முதல் ஒரு சிறு நெம்புகோலும் சேர்க்கப்பட்டது. வில்லையை மாற்றாமலே வேறு சட்டம் எப்படி இருக்கும் என்று அதன்மூலம் பார்க்கலாம்.

உருப்பெருக்கம் 0.91 என்பதால் காட்சி ஏறக்குறைய இயல்பான அளவிலேயே தெரியும். வலது கண்ணைக் காட்சிநோக்கியில் வைத்து இடது கண்ணையும் திறந்து வைத்தால், இரு கண்களின் காட்சிகளும் ஒன்றிணைந்து, உலகத்தின் மீது ஒரு வெண்சட்டம் மட்டும் மிதப்பது போல இருக்கும். சட்டத்துக்கு வெளியே நடப்பதும் தெரிவதால், ஒருவர் சட்டத்துக்குள் நுழையப் போவதை முன்னரே கண்டு காத்திருக்கலாம். எம்3-ஐ விரும்புவோர் விரும்புவது பெரும்பாலும் இதையே. இடக்கண்ணால் பார்ப்பவர்களுக்கு இவ்வசதி கிட்டாது.

ஷட்டர் என்பது இரப்பர் பூசிய துணியாலான இரு திரைகள். இவை படச்சுருளுக்கு முன்னால் பக்கவாட்டில் ஓடுகின்றன. 1 நொடி முதல் 1/1000 நொடி வரையிலான எல்லா வேகங்களும் ஒரே வட்டில் உள்ளன. விரும்பும்வரை திறந்து வைக்கும் பி நிலையும் உண்டு. தொடக்கக் கருவிகளில் 1/5, 1/10, 1/25, 1/50 என்னும் பழைய ஐரோப்பிய வரிசையும், பின்னர் வந்தவற்றில் இன்று வழக்கிலுள்ள 1/4, 1/8, 1/15, 1/30 வரிசையும் இருக்கும். பிளாஷ் ஒத்தியங்கும் மிகை வேகம் 1/50 மட்டுமே. மேலே தூக்கும் ஆடி இல்லாததால் ஓசை மிகக் குறைவு, படம் பதியும் கணத்தில் காட்சி மறைவதும் இல்லை.

சுருளை நகர்த்தப் பழைய திருகுக் குமிழுக்குப் பதிலாக நெம்புகோல் வந்தது. தொடக்கத்தில் ஒரு படத்துக்கு அதை இருமுறை தள்ள வேண்டும். 1958 முதல் ஒரே தள்ளலாக மாற்றப்பட்டது. இருமுறைத் தள்ளல் கருவிகள் குறைந்தவை என்ற எண்ணம் சந்தையில் உண்டு. நடைமுறையில் இரண்டும் ஒரே தரத்தில் படமெடுக்கும். நன்கு பராமரிக்கப்பட்ட இருமுறைக் கருவியை விட்டுவிட்டு, பழுதான ஒருமுறைக் கருவியைக் கூடுதல் விலைக்கு வாங்குவதில் பொருளில்லை.

வில்லைகள்

எம்3 கொண்டுவந்த கொளுவி வகைப் பிணைப்பு இன்றுவரை லைக்காவின் எம் வரிசையில் தொடர்கிறது. எனவே 1954-ஆம் ஆண்டு உடலில் அண்மையில் செய்த வில்லையையும் பொருத்த முடியும். பழைய 39 மி.மீ. திருகுமரை வில்லைகளும் வீணாகவில்லை. புதிய பிணைப்பின் ஆழம் பழையதைவிட 1 மி.மீ. குறைவாக வைக்கப்பட்டது. ஆகவே 1 மி.மீ. தடிப்புள்ள வளையம் ஒன்றைத் திருகினால் பழைய வில்லையும் தொலைமானியுடன் சரியாக இயங்கும். பழைய பயனர்களைக் கைவிடாத இந்தப் பொறியியல் முடிவு, மென்பொருள் துறையில் பின்னோக்கிய இணக்கம் எனப்படுவதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

50 மி.மீ. குவியநீளத்தில் எஃப்/2 சம்மிக்ரான், எஃப்/2.8 எல்மார், எஃப்/1.4 சம்மிலக்ஸ் ஆகியவை அக்காலத்தவை. சம்மிக்ரானின் உள்மடங்கும் வகையில் முன்கண்ணாடியின் பூச்சு மென்மையானது. பலரும் துடைத்துத் துடைத்து மெல்லிய கீறல்களை ஏற்படுத்தியிருப்பர். அப்படிப்பட்ட வில்லை வெயிலுக்கு எதிரே மங்கலான படம் தரும். 1956-இல் வந்த மடங்கா வகை இந்தச் சிக்கலில் குறைவானது. 35 மி.மீ. வில்லைக்கு எம்3-இல் சட்டம் கிடையாது. அதற்கெனக் காட்சிநோக்கிக்கு முன்னால் மூக்குக்கண்ணாடி போல் நிற்கும் இணைப்புடன் கூடிய வில்லைகளை லைட்ஸ் விற்றது. இவை வேலை செய்யும், ஆனால் பருமனானவை. 35 மி.மீ. வில்லையே தன் முதன்மை வில்லை என்று எண்ணுபவர் எம்3-ஐ வாங்காமல் எம்2-ஐ வாங்குவதே நல்லது.

பழைய கருவியைத் தெரிவு செய்தல்

முதலில் காட்சிநோக்கி. வெளிச்சமான சுவரை நோக்கிப் பார்க்கும்போது வெண்சட்டம் கூர்மையாகவும், நடுவிலுள்ள செவ்வகம் தெளிந்த ஓரங்களுடனும் தெரிய வேண்டும். இலேசான மங்கல் பெரும்பாலும் தூசியும் எண்ணெய்ப் படலமும்தான், துப்புரவில் நீங்கும். சட்டமோ செவ்வகமோ அறவே இல்லாவிட்டாலும், காட்சியில் கருமை படர்ந்திருந்தாலும் வாங்கக் கூடாது. எம்3-இன் முப்பட்டகம் பால்சம் பசையால் ஒட்டப்பட்டது. கருவி கீழே விழுந்தாலோ, பசை முதுமையடைந்தாலோ ஒட்டு விலகிவிடும். மாற்று முப்பட்டகம் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் செலவு மிகுதி. கீழே விழுந்த கருவி வெளியே ஒரு சிறு நசுங்கலை மட்டும் காட்டலாம். எனவே மேல்தட்டின் மூலைகளைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

அடுத்துத் தொலைமானியின் சீர்மை. வில்லையை முடிவிலியில் வைத்து, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோபுரத்தையோ கம்பத்தையோ பார்த்தால் இரு பிம்பங்களும் ஒன்றாக வேண்டும். பின் 1 மீட்டர் தொலைவில் அளவுநாடாவால் அளந்து வைத்த பொருளைப் பார்க்க வேண்டும். பிம்பங்கள் மேலும் கீழுமாக விலகி நின்றாலும், பக்கவாட்டில் சிறிது பிசகினாலும் தேர்ந்த பணியாளர் சரிசெய்துவிடுவார். இதை விலை குறைக்கும் காரணமாகக் கொள்ளலாம், விலகும் காரணமாகக் கொள்ள வேண்டியதில்லை.

ஷட்டரைச் சோதிக்க வில்லையையும் அடித்தட்டையும் கழற்றிப் பின்கதவை மேலே தூக்க வேண்டும். 1 நொடியில் இயக்கினால் உள்ளே சக்கரங்கள் சீராக ஓடும் மெல்லிய ஓசை கேட்கும். ஓசை இடையில் தடுமாறினாலோ நின்றுவிட்டாலோ மசகு காய்ந்துவிட்டது என்று பொருள். 1/1000 நொடியில் விளக்கை நோக்கி இயக்கும்போது ஒளி சட்டம் முழுவதும் தெரிய வேண்டும். ஒரு பக்கம் இருட்டாக இருந்தால் பின் திரை முன் திரையை எட்டிப் பிடிக்கிறது, படமும் அப்படியே பாதி கருத்து வரும். பின்னர் இருட்டறையில் திரைக்குப் பின்னால் சிறு விளக்கைப் பிடித்து, ஊசித்துளைகள் வழியே ஒளி கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆடி இல்லாத கருவியில், வில்லை சூரியனை நோக்கியிருந்தால் ஒளி நேராகத் துணித் திரையில் குவிந்து பொசுக்கிவிடும். பெரும்பாலான துளைகள் இவ்வாறு வந்தவையே. திரையை மாற்ற முடியும், ஆயினும் செலவைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உடலைச் சுற்றியுள்ள கருநிற வல்கனைட் உறை காலப்போக்கில் நொறுங்கி உதிர்வது இயல்பு. அது தோற்றக் குறைதான். பல ஆண்டுகள் பயன்படுத்தாமல் பேழையில் வைத்திருந்த பளபளப்பான கருவியைவிட, தேய்ந்த விளிம்புகளுடன் தொடர்ந்து இயங்கிய கருவி பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். எதை வாங்கினாலும் முழுமையான துப்புரவு, மசகிடல், சீரமைப்பு ஆகியவற்றுக்கான தொகையை வாங்கும் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

பயன்படுத்துதல்

சுருளை ஏற்றுதல் புதியவர்களுக்குத் தயக்கம் தரும் வேலை. அடித்தட்டைக் கழற்றி, ஏற்புச்சுருளை வெளியே இழுத்து, படச்சுருளின் நாக்கை அதில் செருகி, இரண்டையும் ஒருசேரக் கீழ்ப்புறமாக உள்ளே தள்ள வேண்டும். பின்கதவு வழியே பல்சக்கரங்களில் துளைகள் பொருந்தியுள்ளனவா என்று பார்த்து மூடலாம். அதன்பின் நெம்புகோலைத் தள்ளும்போது இடப்புறமுள்ள திருப்புக் குமிழ் சுழல்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம். சுழலாவிட்டால் சுருள் நகரவில்லை. முப்பத்தாறு படங்கள் எடுத்ததாக எண்ணி வெற்றுச் சுருளைக் கழுவக் கொடுப்பது இந்தப் பார்வையால் தவிர்க்கப்படுகிறது.

காட்சிநோக்கி வில்லையின் வழியே பார்ப்பதில்லை. ஆதலால் வில்லை மூடியைக் கழற்றாமலே படமெடுத்துவிட முடியும், கருவி எச்சரிக்காது. ஒளிமானியும் இல்லை. ஷட்டர் வட்டுடன் இணைந்து இயங்கும் தனி ஒளிமானியை லைட்ஸ் விற்றது, ஆனால் அவற்றின் ஒளியுணரிகள் இப்போது முதுமையடைந்துவிட்டன. கைக்கடக்கமான புதிய ஒளிமானி நம்பகமானது. வெயில் நாளில் அதுவும் தேவையில்லை. துளையை எஃப்/16-இல் வைத்து, சுருளின் உணர்திறன் எண்ணுக்கு நெருங்கிய பின்னத்தை வேகமாகக் கொள்வது பழைய விதி. 100 எண் சுருளுக்கு 1/125, 400 எண் சுருளுக்கு 1/500. திறந்த நிழலில் துளையை மூன்று படி கூட்டி எஃப்/5.6-க்கு வரலாம். நெகட்டிவ் சுருள் சற்று மிகையான ஒளியைப் பொறுத்துக்கொள்ளும், குறைந்த ஒளியைப் பொறுக்காது. ஐயம் வந்தால் கூட்டுவதே முறை.

தமிழகம், இலங்கை போன்ற ஈரப்பதம் மிகுந்த இடங்களில் வில்லைக்குள் பூஞ்சை வளர்வது பெரிய தொல்லை. தோல் உறை ஈரத்தைத் தேக்கிவைக்கும், கருவியை அதில் மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா கூழ்மப் பொட்டலங்களுடன் வைத்து, அவ்வப்போது பொட்டலங்களைச் சூடாக்கி உலர்த்த வேண்டும். மாதம் ஒருமுறையாவது எல்லா வேகங்களிலும் ஷட்டரை இயக்குவது மசகு இறுகாமல் காக்கும்.

குறைபாடுகளும் மாற்றுக் கருவிகளும்

1 மீட்டரைவிட அருகிலுள்ள பூ, பூச்சி போன்றவற்றைப் படமெடுக்க எம்3 ஏற்றதன்று. 135 மி.மீ.-க்கு மேற்பட்ட தொலைநோக்கு வில்லைகளுக்கும் எஸ்.எல்.ஆர். கருவியே பொருத்தம். பின்னணி எவ்வளவு மங்கும் என்பதையும் காட்சிநோக்கியில் காண முடியாது. மூக்குக்கண்ணாடி அணிவோர், கண்வைக்கும் இடத்திலுள்ள உலோக வளையம் கண்ணாடியைக் கீறும் என்பதை அறிந்து அதன்மேல் இரப்பர் வளையம் ஒன்றைப் பொருத்திக்கொள்வது நன்று.

விலை எட்டாதவர்களுக்குச் சோவியத் நாட்டின் ஃபெட்-2, சோர்க்கி-4 ஆகியன திருகுமரை வகையில் மலிவாகக் கிடைப்பவை. ஆனால் அவற்றில் சுருளை நகர்த்திய பின்னரே வேகத்தை மாற்ற வேண்டும். முன்னரே மாற்றினால் பொறியமைப்பு பழுதாகக்கூடும். எம்3-இல் இக்கட்டுப்பாடு இல்லை. ஜப்பானின் கேனன் பி நன்கு செய்யப்பட்ட கருவி. ஒளிமானியும் வேண்டும், வில்லையை மாற்றத் தேவையில்லை என்போருக்கு 1972-இல் வந்த கேனன் கேனனெட் கியூஎல்17 ஜி-III போதுமானது. அதன் 40 மி.மீ. எஃப்/1.7 வில்லை உடலுடன் நிலையாகப் பொருத்தப்பட்டது. லைக்காவே 2014-இல் எம்-ஏ என்ற பெயரில் ஒளிமானியற்ற, முழுவதும் பொறியால் இயங்கும் கருவியைப் புதிதாக வெளியிட்டது. அதன் காட்சிநோக்கியின் உருப்பெருக்கம் 0.72.